வர்ஜீனியாவில் வாங்கிய டிக்கெட், நியூ ஜெர்சியில் கதவைத் தட்டும்! - அமெரிக்காவில் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனால் என்னவெல்லாம் நடக்கும்?

நியூ ஜெர்சியில் வீடு. லாங் வீக்கெண்டுக்கு நண்பர்கள் நாலு பேர் ஒரு காரில் ஐ-95 நெடுஞ்சாலையைப் பிடித்து ஃபுளோரிடாவுக்குக் கிளம்புறாங்க. வர்ஜீனியாவில் ரோடு காலியா இருக்கு. ஸ்பீடு லிமிட் 70 மைல். எல்லோரும் கொஞ்சம் கூடத்தானே போறாங்கன்னு காலை அழுத்தினால் 87. பின்னாடி நீல லைட். போலீஸ்காரர் ஒரு பேப்பரை நீட்டிட்டு, "டிரைவ் சேஃப்" சொல்லிட்டுப் போயிடுறார். "சரி விடுடா, நம்ம லைசென்ஸ் நியூ ஜெர்சிதானே, இங்க என்ன பண்ணிடப்போறாங்க?" என்று கார் மறுபடி கிளம்புகிறது.

அந்த "என்ன பண்ணிடப்போறாங்க"வுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் படிக்கிற, வேலை பார்க்கிற, அடுத்த செமஸ்டருக்கு பெட்டி கட்டிக்கிட்டு இருக்கிற எல்லோருக்கும் இது தேவைப்படும். ஏன்னா, வர்ஜீனியாவில் 85 மைலைத் தாண்டினாலோ, லிமிட்டைவிட 20 மைல் கூடப் போனாலோ, அது சாதாரண ஃபைன் சமாசாரம் இல்லை. 'ரெக்லெஸ் டிரைவிங்' என்ற கிரிமினல் குற்றம். சட்டப்படி 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை அந்த மாநிலத்தில் வண்டி ஓட்டத் தடை என்று எல்லாத்துக்கும் இடம் இருக்கு. முதல் தடவை மாட்டுற எல்லோரையும் உள்ளே தள்ளுறதில்லை. ஆனா கையில் இருக்கிறது ஸ்பீடிங் டிக்கெட் என்று நினைத்து பர்ஸில் மடிச்சு வெச்சுட்டு மறந்துபோறது, நீங்க செய்யக்கூடிய மோசமான காரியம்.

லைசென்ஸ் வேற, ஓட்டுற உரிமை வேற

நம்ம ஊரில் லைசென்ஸ் என்பது மோட்டார் வாகனச் சட்டம் என்ற மத்திய சட்டத்தின் கீழ் வருவது. மதுரை ஆர்.டி.ஓ கொடுத்த லைசென்ஸ் காஷ்மீர் வரை செல்லும். அமெரிக்காவில் இது முழுக்க மாநில விவகாரம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனி டி.எம்.வி, தனி பாயின்ட் கணக்கு.

அதனால் வர்ஜீனியா உங்க நியூ ஜெர்சி லைசென்ஸை ரத்து செய்ய முடியாது. அது நியூ ஜெர்சியின் சொத்து. ஆனா, "எங்க எல்லைக்குள்ள நீங்க வண்டி ஓட்டக் கூடாது" என்று சொல்ல முடியும். இதைத்தான் டிரைவிங் பிரிவிலேஜ் சஸ்பென்ஷன் என்கிறார்கள். கையில் லைசென்ஸ் அட்டை பளபளவென்று இருக்கும். வர்ஜீனியா எல்லைக்குள் நுழைந்த நிமிடம் நீங்க சஸ்பெண்ட் ஆன டிரைவர். அப்படி ஓட்டி மாட்டினால் பல மாநிலங்களில் அதுவே தனி கிரிமினல் குற்றம்.

இத்தோட முடிஞ்சா பரவாயில்லை. அடுத்த கட்டம், அந்தத் தகவல் உங்க சொந்த மாநிலத்துக்குப் போறது.

மாநிலங்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

1960-களில் அமெரிக்க மாநிலங்கள் தங்களுக்குள் 'டிரைவர் லைசென்ஸ் காம்பாக்ட்' என்ற ஒப்பந்தத்தைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தன. ஒரு டிரைவருக்கு ஒரே லைசென்ஸ், ஒரே ரெக்கார்டு என்பதுதான் இதன் அடிப்படை. ஜார்ஜியா, மாசசூசெட்ஸ், மிச்சிகன், டென்னசி, விஸ்கான்சின் ஆகிய 5 மாநிலங்கள் இதில் சேரவில்லை என்று வழக்கமாகப் பட்டியலிடுவார்கள். மற்றவை எல்லாம் உள்ளே. வெளிமாநிலத்தில் குற்றம் நிரூபணமானால் அந்தத் தகவல் உங்க மாநிலத்துக்கு வரும். குடிச்சுட்டு ஓட்டுறது, வண்டியால் ஒருவர் இறக்கக் காரணமாவது, ஆளை இடிச்சுட்டு நிற்காமல் போறது, வண்டியைப் பயன்படுத்தி பெரிய குற்றம் செய்யறது ஆகிய நாலு விஷயத்தில், உங்க மாநிலம் அதைத் தன் ஊரில் நடந்த குற்றமாகவே நடத்த வேண்டும்.

சின்னச் சின்ன குற்றங்களில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி. நியூ ஜெர்சிக்காரர் வெளிமாநிலத்தில் டிராஃபிக் விதியை மீறி தண்டனை வாங்கினால், அங்கே அது எவ்வளவு பாயின்ட்டாக இருந்தாலும் சரி, நியூ ஜெர்சி 2 பாயின்ட் ஏற்றும். பக்கத்து நியூயார்க்கோ, கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் தவிர்த்து வெளியூர் டிக்கெட்டுகளுக்குப் பொதுவாக பாயின்ட் ஏற்றுவதில்லை. கனடா டிக்கெட்டுக்கு பாயின்ட் உண்டு, பக்கத்து மாநில டிக்கெட்டுக்கு இல்லை. விசித்திரமா இருக்கில்ல? ஆனா குடிபோதை கேஸ் என்றால் நியூயார்க்கும் விடாது.

இரண்டாவது ஒப்பந்தம் 1977-ல் வந்த 'நான்-ரெசிடென்ட் வயலேட்டர் காம்பாக்ட்'. நடைமுறையில் நம்ம பசங்க அதிகம் மாட்டக்கூடியது இதில்தான்னு எனக்குத் தோணுது. டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாமல் விட்டவர்களுக்கானது இது. வெளியூர்க்காரர் என்பதற்காக ரோட்டிலேயே பிடிச்சு வெச்சு ஜாமீன் பணம் கேட்கக் கூடாது, மற்றவர்களைப் போலவே டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பிடணும். பதிலுக்கு, அந்த டிக்கெட்டை அவர் கண்டுக்காமல் விட்டால், சொந்த மாநிலம் அவருடைய லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணும். டிக்கெட்டை முடிச்சுட்டேன் என்று ஆதாரம் காட்டும் வரை சஸ்பென்ஷன் தொடரும். கலிஃபோர்னியா, மிச்சிகன், ஓரிகன் மாதிரி சில மாநிலங்கள் இதில் இல்லை. பார்க்கிங் டிக்கெட்டுகள் இந்தக் கணக்கில் வராது.

கவனிங்க, குற்றம் எவ்வளவு சின்னது என்பது இங்கே விஷயமே இல்லை. 120 டாலர் ஃபைனைக் கட்டாமல் விட்டதற்காக மொத்த லைசென்ஸும் போகலாம். வீடு மாறி, டி.எம்.வி-க்கு புது அட்ரஸ் சொல்லாமல் இருந்தால் சஸ்பெண்ட் ஆன கடிதம் பழைய அபார்ட்மென்ட்டின் தபால் பெட்டியில் தூங்கிக்கிட்டு இருக்கும். எனக்குக் கடிதமே வரலை சார் என்று ரோட்டில் சொன்னால், டி.எம்.வி-யில் இருக்கிற அட்ரஸுக்கு அனுப்பியாச்சு என்பதுதான் பதிலாக இருக்கும். கலிஃபோர்னியா, நியூயார்க்கில் அட்ரஸ் மாறினால் 10 நாளைக்குள் சொல்லணும். டெக்சாஸில் 30 நாள்.

மூன்றாவதாக, 'நேஷனல் டிரைவர் ரெஜிஸ்டர்'. இது மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு நடத்துகிற டேட்டாபேஸ். இதில் உங்க முழு ஜாதகமும் இருக்காது. பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் நம்பர், எந்த மாநிலத்தில் பிரச்னை என்கிற சுட்டு விரல் மட்டும்தான். புது மாநிலத்தில் லைசென்ஸ் கேட்டுப் போகும்போது கிளர்க் கம்ப்யூட்டரில் தட்டினால், அந்த விரல் பழைய மாநிலத்தைக் காட்டும். அங்கே முடிச்சுட்டு வாங்க என்று திருப்பி அனுப்பிடுவாங்க. 'ஒரு ஸ்டேட்ல போச்சுன்னா இன்னொரு ஸ்டேட்ல புதுசா எடுத்துக்கலாம்' என்கிற வாட்ஸ்அப் அறிவுரை எடுபடாததற்கு இதுதான் காரணம். ஒப்பந்தத்தில் சேராத மாநிலமும் இந்த ரெஜிஸ்டரைப் பார்க்கும்.

தபால் பெட்டியில் தேங்கிய எச்சரிக்கைகள்

எதுக்கு இவ்வளவு கெடுபிடின்னு கேட்டா, 2019 ஜூன் 21-ம் தேதி நடந்ததைச் சொல்லணும். நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தின் ராண்டால்ஃப் என்ற சின்ன ஊரில் ஒரு பிக்கப் டிரக்கும் மோட்டார் சைக்கிள் குழு ஒன்றும் மோதிக்கொண்டன. முன்னாள் மரைன் படை வீரர்களின் கிளப்பைச் சேர்ந்த குழு அது. 7 பேர் இறந்தார்கள்.

டிரக்கை ஓட்டியவர் மாசசூசெட்ஸ் லைசென்ஸ்காரர். விபத்துக்கு ஆறு வாரம் முன்னாடிதான் கனெக்டிகட் மாநிலத்தில் போதையில் ஓட்டியதாகக் கைதாகியிருந்தார். கனெக்டிகட் அந்தத் தகவலை மாசசூசெட்ஸுக்கு அனுப்பியும் இருந்தது. ஆனா அங்கே யாரும் அதன் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது, வெளிமாநிலங்களிலிருந்து வந்த பல்லாயிரம் அறிவிப்புகள் அலுவலகத்தில் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடந்தது தெரியவந்தது. மாசசூசெட்ஸ் வாகனப் பதிவுத் துறையின் தலைவர் பதவி விலகினார். தேங்கிய பேப்பர்களைப் பிரிச்சுப் பார்த்து ஆயிரக்கணக்கான லைசென்ஸ்களை சஸ்பெண்ட் செய்தார்கள். விபத்து வழக்கில் அந்த டிரைவர் குற்றவாளி இல்லை என்று 2022-ல் ஜூரி தீர்ப்பு சொன்னது. அது தனி விவாதம். ஆனா ஒரு மாநிலம் அனுப்பிய தகவலை இன்னொரு மாநிலம் பிரிக்காமல் வைத்திருந்தது என்ற உண்மை மாறவில்லை.

என்னைக்கோ வாங்கின டிக்கெட்டுக்கு ரொம்ப காலம் கழிச்சு திடீர்னு கடிதம் வந்தால், 'இப்போ எதுக்கு?' என்று ஆச்சர்யப்பட வேண்டாம். உங்க பேப்பரும் ஏதோ ஒரு பெட்டியில் இருந்திருக்கலாம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

நீங்க சொல்லலைன்னாலும் தெரியும். பாலிசி கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கம்பெனிகள் உங்க டிரைவிங் ரெக்கார்டை மாநிலத்திடம் வாங்கிப் பார்க்கும். சொந்த மாநிலம் உங்களை சஸ்பெண்ட் பண்ணியிருந்தால் அது அங்கே பளிச்சென்று தெரியும். டி.எம்.வி பாயின்ட் வேற, இன்ஷூரன்ஸ் கம்பெனி போடுற கணக்கு வேற. என் மாநிலம் பாயின்ட் ஏத்தலை, அதனால பிரீமியமும் ஏறாது என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

கம்பெனி என்ன செய்யலாம்? பிரீமியத்தை ஏற்றலாம். புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்லலாம். பாலிசி நடுவிலேயே ரத்தும் செய்யலாம். பல மாநிலங்களில், பாலிசி தொடங்கி 60 நாள் தாண்டிட்டால் கம்பெனி இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. பிரீமியம் கட்டாதது, பொய்த் தகவல் கொடுத்தது மாதிரி சில காரணங்கள் மட்டுமே செல்லும். அந்தச் சில காரணங்களில் ஒன்று, லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது.

அபார்ட்மென்ட் ஷேர் பண்ணுறவங்க இன்னொன்றையும் கவனிக்கணும். ஒரே வீட்டில் இருக்கிற, வண்டியை எடுக்கக்கூடிய எல்லோரையும் பாலிசியில் சொல்லச் சொல்லி கம்பெனிகள் கேட்கும். அதில் ஒருவர் சஸ்பெண்ட் ஆகியிருந்தால், அவரைப் பாலிசியிலிருந்து விலக்கி எழுதித் தரச் சொல்லலாம். விலக்கின பிறகு ஒரு அவசரத்துக்கு அவர் உங்க காரை எடுத்துட்டுப் போய் இடிச்சால், பெரும்பாலும் கம்பெனி கை விரிச்சுடும். ரூம்மேட்தானே, பால் வாங்கத்தானே போனான் என்பதெல்லாம் க்ளெய்மில் எடுபடாது. வாடகைக் காரும் இதே கதைதான். சில கம்பெனிகள் கவுன்டரிலேயே லைசென்ஸ் ரெக்கார்டைச் சரிபார்க்கும். அங்கே தப்பிச்சு வண்டியை எடுத்தாலும், செல்லுபடியாகாத லைசென்ஸோட ஓட்டினால் ஒப்பந்தத்தை மீறினதாகிடும். கூடுதலா காசு கொடுத்து வாங்கின பாதுகாப்பு அதோட போச்சு.

எஸ்.ஆர்-22: பேரைக் கேட்டாலே பிரீமியம் ஏறும்!

சஸ்பென்ஷன் முடிஞ்சு லைசென்ஸ் திரும்ப வேணும்னா, பல மாநிலங்கள் எஸ்.ஆர்-22 கேட்கும். இதை 'எஸ்.ஆர்-22 இன்ஷூரன்ஸ்' என்று சொல்றாங்க. ஆனா இது இன்ஷூரன்ஸ் இல்லை. 'இவருக்கு எங்களிடம் சட்டப்படியான பாலிசி இருக்கிறது' என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி டி.எம்.வி-க்கு அனுப்புகிற சான்று. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், ஹெட்மாஸ்டர் கிட்ட அப்பாவைக் கூட்டிட்டு வந்து நிறுத்துற மாதிரி. சான்றை அனுப்ப கம்பெனி வாங்குற கட்டணம் பெரிசில்லை. வழக்கமா 50 டாலருக்குள் முடிஞ்சுடும். செலவு என்னன்னா, எஸ்.ஆர்-22 தேவைப்படுகிற ஆள் என்றாலே ரிஸ்க் ஆன ஆள் என்று பாலிசி விலையே எகிறிடும். சில கம்பெனிகள் இந்தச் சான்றைக் கொடுக்கவே கொடுக்காது. வேற கம்பெனி தேடணும்.

பல மாநிலங்களில் 3 வருஷம் இதை விடாமல் வைத்திருக்கணும். நடுவில் ஒரு மாசத் தவணை தவறி பாலிசி ரத்தானால், அதே கம்பெனி டி.எம்.வி-க்குத் தகவல் சொல்லிடும். லைசென்ஸ் மறுபடி சஸ்பெண்ட். ஆட்டோ-பே போட்டு வெச்சிருக்கிற டெபிட் கார்டு எக்ஸ்பைரி ஆனால்கூட இது நடக்கும்.

சொந்த கார் இல்லாதவங்களுக்கு? அதுக்கும் 'நான்-ஓனர் பாலிசி' என்று ஒன்று இருக்கு. காரே இல்லை, ஆனா இன்ஷூரன்ஸ் கட்டணும். லைசென்ஸ் வேணும்னா வேற வழி இல்லை.

ஃபுளோரிடா, வர்ஜீனியா ரெண்டும் குடிபோதை கேஸ்களுக்கு இதைவிடக் கடுமையா எஃப்.ஆர்-44 என்று ஒன்று வெச்சிருக்காங்க. ஃபுளோரிடாவில் சாதாரண டிரைவர் தன் மருத்துவச் செலவுக்கு 10,000 டாலர், அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 10,000 டாலர் கவரேஜ் வெச்சிருந்தாலே சட்டப்படி போதும். எஃப்.ஆர்-44 வந்துட்டால், காயத்துக்கு ஒருவருக்கு 1,00,000, ஒரு விபத்துக்கு 3,00,000, சொத்துச் சேதத்துக்கு 50,000 டாலர் என்று கவரேஜ் எடுக்கணும்.

வேலை மாறி வேற மாநிலத்துக்குப் போனால் இந்தக் கடமை போயிடுமா? போகாது. நியூயார்க், பென்சில்வேனியா மாதிரி சில மாநிலங்கள் தங்கள் டிரைவர்களிடம் எஸ்.ஆர்-22 கேட்பதே இல்லை. ஆனா பழைய மாநிலம் 3 வருஷம் கேட்டிருந்தால், நீங்க எங்கே போனாலும் அதை முடிக்கணும். அந்தப் பழைய மாநிலத்துக்குச் சான்று அனுப்ப அனுமதி உள்ள கம்பெனியாகத் தேடிப் பிடிக்கணும்.

இன்ஷூரன்ஸ் போக மாநிலமே தனியா வசூலிக்கிற பணமும் உண்டு. நியூ ஜெர்சி டிரைவர், வேற மாநிலத்தில் குடிபோதையில் ஓட்டி தண்டனை வாங்கினாலும், நியூ ஜெர்சி வருஷத்துக்கு 1,000 டாலர் வீதம் 3 வருஷம் சர்சார்ஜ் போடும். கலிஃபோர்னியாவில் குடிபோதை கேஸ் வந்துட்டால், நல்ல டிரைவர்களுக்குச் சட்டப்படி கிடைக்கிற 20 சதவிகிதத் தள்ளுபடி 10 வருஷத்துக்குக் கிடையாது.

ஒரு தப்பும் பண்ணாமலே சஸ்பெண்ட் ஆகலாம்

நாடு திரும்பறவங்களும் மாநிலம் மாறுறவங்களும் இதைக் கட்டாயம் படிங்க. நியூயார்க்கில் காரை வித்துட்டு, அல்லது ஷெட்டில் போட்டுட்டு, 'இனி எதுக்கு தண்டச் செலவு' என்று இன்ஷூரன்ஸை நிறுத்துறோம். கார் நம்பர் பிளேட்டை முதல்ல டி.எம்.வி-யிடம் ஒப்படைக்காமல் இன்ஷூரன்ஸை நிறுத்தினால், வண்டியின் பதிவு சஸ்பெண்ட் ஆகும். இன்ஷூரன்ஸ் இல்லாத காலம் 91 நாளைத் தொட்டால் லைசென்ஸும் சஸ்பெண்ட் ஆகும். நீங்க அப்போ டெக்சாஸில் புது லைசென்ஸுக்கு வரிசையில் நின்னுக்கிட்டு இருப்பீங்க. ஃபுளோரிடாவிலும் இதே விதிதான். திரும்ப வாங்க 500 டாலர் வரை கட்டணம். முதலில் பிளேட், பிறகு இன்ஷூரன்ஸ். இந்த வரிசை மாறக் கூடாது.

இன்ஷூரன்ஸ் இல்லாததுக்கு லைசென்ஸைப் பறிக்கிறது நியாயமான்னு ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கு. ஜார்ஜியாவில் ஒரு பாதிரியார். ஊர் ஊராக காரில் போய் ஊழியம் செய்தவர். 5 வயதுச் சிறுமி சைக்கிளில் வந்து அவர் காரின் பக்கவாட்டில் மோதிவிட்டாள். அவருக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. தப்பு யார் மேல என்று விசாரிக்காமலே லைசென்ஸை சஸ்பெண்ட் செய்தது மாநிலம். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லைசென்ஸ் ஒருவரின் பிழைப்புக்கே அவசியமானதாக இருக்கலாம், முறையான விசாரணை இல்லாமல் பறிக்கக் கூடாது என்று சொன்னது. 'பெல் எதிர் பர்சன்' என்பது வழக்கின் பெயர். உங்களுக்கு வரும் சஸ்பென்ஷன் கடிதத்தில் 'விசாரணை கேட்கலாம்' என்று ஒரு வரி இருந்தால், அதைத் தாண்டிப் போயிடாதீங்க. அதுக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். தவறவிட்டால் அந்த வாய்ப்பு போயிடும்.

விசாவில் இருப்பவர்களுக்கு

எஃப்-1, ஹெச்-1பி-யில் இருப்பவர்களுக்கு ஸ்பீடிங் டிக்கெட் பெரிய தலைவலி இல்லை. குடிபோதை கேஸ் அப்படி இல்லை. 2015 முதல், குடிபோதையில் ஓட்டியதாகக் கைதானாலே, தண்டனை வரும் முன்பே, வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம் என்ற நடைமுறை இருக்கு. உள்ளே இருக்கும் வரை பொதுவாக அதனால் மட்டும் உங்க ஸ்டேட்டஸ் போயிடாது என்பார்கள். ஆனா ஊருக்கு வந்தால், சென்னை தூதரகத்தில் புது விசாவுக்கு மறுபடி நிற்கணும், மருத்துவப் பரிசோதனைக்கும் போகச் சொல்வாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்துட்டுத் திரும்பிப் போக முடியாமல் தவிக்கிற நிலைமை இப்படித்தான் வருது. டிராஃபிக் வக்கீல் ஒருத்தர், இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர், ரெண்டு பேரையும் கேட்டுட்டுத்தான் கோர்ட்டில் எதையும் ஒப்புக்கணும்.

இந்திய லைசென்ஸ், இன்டர்நேஷனல் பர்மிட்டோட ஓட்டுறவங்களுக்கும் விலக்கு இல்லை. அமெரிக்க லைசென்ஸே இல்லைன்னாலும் அந்த மாநிலம் உங்க பேரில் ஒரு ரெக்கார்டு திறந்து, ஓட்டுற உரிமையை சஸ்பெண்ட் பண்ண முடியும். பின்னாடி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது அது எட்டிப் பார்க்கும்.

டிக்கெட் வந்தாச்சு, என்ன பண்றது?

ஆன்லைனில் ஃபைன் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்துங்க. பெரும்பாலான இடங்களில் பணம் கட்டுறது என்றாலே குற்றத்தை ஒப்புக்கிட்டதா அர்த்தம். அந்தத் தீர்ப்புதான் உங்க மாநிலத்துக்குப் போகும். குற்றத்தின் அளவைக் குறைச்சுக்க முடியுமா, டிரைவிங் ஸ்கூல் முடிச்சால் தள்ளுபடி ஆகுமான்னு அந்த ஊர் வக்கீலிடம் கேட்டுப் பாருங்க. பல கேஸ்களில் நீங்க நேரில் போகாமலே வக்கீல் ஆஜராக முடியும். 300 டாலர் வக்கீலுக்கா என்று யோசிக்கிறவங்க, 3 வருஷ பிரீமியத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும்.

ஏற்கெனவே சஸ்பெண்ட் ஆகியிருந்தால், எந்த மாநிலத்தில் ஆரம்பிச்சதோ அங்கிருந்துதான் அவிழ்க்கணும். அங்கே ஃபைன், கோர்ட், கட்டணம் எல்லாம் முடிச்சு, கிளியரன்ஸ் கடிதம் வாங்கி, பிறகு சொந்த மாநிலத்திடம் அதைக் கொடுத்து, அங்கே தனியா ஒரு கட்டணம் கட்டி... இந்த வரிசையில்தான் போகும். வேலைக்குப் போக மட்டும் ஓட்டலாம் என்று சொந்த மாநிலம் தருகிற கட்டுப்பாட்டு லைசென்ஸை வெச்சு, சஸ்பெண்ட் செய்த மாநிலத்துக்குள் போயிடாதீங்க. அங்கே அது காப்பாத்தாது.

உங்க பேரில் எங்கேயாவது ஏதாவது கிடக்குதான்னு சந்தேகமா? நேஷனல் டிரைவர் ரெஜிஸ்டரில் உங்களைப் பற்றி என்ன இருக்குன்னு எழுதிக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம், இலவசம்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பார்க்கிற 7 வருஷ க்ளெய்ம் வரலாறான 'க்ளூ' ரிப்போர்ட்டையும் வருஷத்துக்கு ஒரு தடவை காசு இல்லாமல் வாங்கலாம். புது மாநிலத்துக்கு மாறுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க. கலிஃபோர்னியாவில் குடியேறினால் லைசென்ஸ் மாத்த 10 நாள்தான் கொடுப்பாங்க. டெக்சாஸில் 90 நாள்.

கிளியரன்ஸ் கடிதம் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து போனில் வெச்சுக்கோங்க, ஒரிஜினலை ஃபைலில் போடுங்க. ஒரு மாநிலத்தில் முடிஞ்ச விஷயம் இன்னொரு மாநிலத்துக் கம்ப்யூட்டரில் ஏற நாள் ஆகும். லைசென்ஸ் செல்லும் என்று சொந்த மாநில டி.எம்.வி வெப்சைட்டே காட்டுகிற வரை சாவியைத் தொடாதீங்க.